அத்தியாயம் 7: அம்பு எட்டும் தூரம்

பெரணமல்லூரில் என் தறி இருக்கும் தெருவிலிருந்து மான் நடமாடும் காட்டோரத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். சேத்துப்பட்டு வழியாகப் போளூர். அங்கிருந்து ஜவ்வாது மலையடிவாரத்துக்குப் போகிற பஸ். இறங்கி அரை மணி நேரம் நடந்தால் என் தாய்மாமன் கொல்லை. கொல்லையின் மேற்கு வரப்பைத் தாண்டினால் காப்புக்காடு. ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு பிணைப்பதற்குள் கிடைக்கிற இரண்டு மூன்று நாளை, மாசியிலிருந்து ஆடி வரை, அந்த வரப்பில்தான் கழித்தேன். பட்டுச்சேலைக் கரையில் இருபது வருடமாக ஜரிகை மான் நெய்தவன் நான். உயிரோடு நிற்கிற மானைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்பது நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

இந்த அத்தியாயத்தில் வில்லாளிகளைப் பற்றி நிறையப் பேசப்போகிறேன். காரணம் தூரம். துப்பாக்கிக்காரர் இருநூறு மீட்டர் தள்ளி நின்றே மானைச் சுட்டுவிடலாம். மானைப் பற்றி அவருக்கு அதிகம் தெரிய வேண்டியதில்லை. வில்லாளி முப்பது மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அந்தத் தூரத்தில் மானின் மூக்கு, காது, கண் மூன்றும் விழித்திருக்கும். அதனால்தான் மானின் நடத்தையை நுணுக்கமாகக் கற்றவர்கள் எந்தக் காலத்திலும் வில்லேந்திகளாக இருந்திருக்கிறார்கள். நம் புள்ளிமானை 1860களில் ஹவாய்க்கும் 1932இல் டெக்சாசுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். புலியும் செந்நாயும் இல்லாத அந்த மண்ணில் அவை பெருகி, இன்றைக்கும் அங்கே வில்லால் வேட்டையாடப்படுகின்றன. அங்குள்ள வில்லாளிகள் பட்ட பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய.

எடுத்துக்கொள்ளக் கூடாதது அம்பு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். வில், துப்பாக்கி, கண்ணி, வலை, நாய் எதுவானாலும் குற்றம்தான். கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் அதற்கு முயல்வதும் அந்தச் சட்டத்தின் கணக்கில் வேட்டையே. செத்துக் கிடக்கும் மான் அரசின் சொத்து. உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் காலெடுத்து வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி தவறு. ஆகவே, பட்டா நிலத்தில் உட்காருங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி வனக்காப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருட்டில் டார்ச் அடித்துக் காட்டைத் துழாவாதீர்கள். கள்ள வேட்டைக்காரர்கள் செய்வது அதைத்தான், உங்களை வேறாக யாரும் நினைக்கப் போவதில்லை.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு இந்தக் கலை புதிதல்ல. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் வீரன் வில்லோடு நிற்கிறான். அதே செங்கத்து மன்னன் நன்னனைப் பாடிய மலைபடுகடாம், பரிசு தேடிப் போகிற கூத்தருக்கு வழி சொல்கிற பாட்டு. எந்தச் சரிவில் வழுக்கும், எங்கே தினைப்புனம் காப்பவர் எறிகிற கவண்கல் வரும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. எங்கள் சேயாறும் அதில் ஓடுகிறது. தமிழின் முதல் வழிகாட்டி நூல் எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

காற்று

முதல் மூன்று பயணத்தில் நான் ஒரு மானையும் பார்க்கவில்லை. விடியுமுன் போய் உட்கார்ந்து, வெயில் உச்சிக்கு ஏறும் வரை காத்திருந்து, கால் மரத்துப்போய் எழுந்து வந்தேன். இந்தக் காட்டில் மானே இல்லை என்று மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய், நான் உட்கார்ந்திருந்த வேப்பமரத்துக்கு வடமேற்கே நாற்பது அடி தள்ளித் தரையைக் காட்டினார். புழுதியில் புதுத் தடம்.

“மான் வந்துச்சு மாப்ள. உன் வாடையப் புடிச்சுது, நின்னுச்சு, திரும்பிப் போயிடுச்சு. நீ முன்னாடி பாத்துக்கினு இருந்த, அது பின்னாடி வந்துச்சு.”

காற்று எங்கிருந்து வருகிறது என்று அதுவரை ஒரு தடவைகூட நான் பார்த்திருக்கவில்லை. மானுக்கு முதல் அறிவு மூக்கில் இருக்கிறது. கண்ணால் பார்த்ததைக் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டு நின்று பார்க்கும். காதில் விழுந்ததை இரண்டாம் முறை விழுகிறதா என்று காத்திருக்கும். மூக்கில் ஏறியதைச் சந்தேகப்படுவதே இல்லை.

காற்றைப் பார்க்க நான் கண்ட வழி இது. தறியில் கழித்துப் போட்ட பட்டு இழையில் முறுக்கில்லாத ஒரு நூலை ஒரு விரல் நீளம் பிரித்து, ஒரு வேப்பங்குச்சி நுனியில் கட்டி, எதிரே மண்ணில் குத்திவிடுங்கள். தோலுக்குத் தெரியாத காற்றும் அந்த இழைக்குத் தெரியும். வில்லாளிகள் வில்லின் மேலேயே இப்படி ஒரு நூலையோ மெல்லிய இறகையோ கட்டி வைத்திருப்பார்கள். இழை உங்களை நோக்கி நீண்டால் இருங்கள். காட்டை நோக்கி நீண்டால் எழுந்து இடம் மாறுங்கள். அப்படியே உட்கார்ந்து பார்ப்போம் என்று இருந்தால் அந்தக் காலை வீண்.

மலையடிவாரத்தில் காற்றுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. இரவில் மலை குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் தண்ணீர் போலக் கீழே வழியும். எங்கள் கொல்லை மலைக்குக் கிழக்கே இருப்பதால், விடியற்காலையில் காற்று காட்டிலிருந்து என் முகத்துக்கு வரும். அது நல்ல நேரம். சூரியன் ஏறி கிழக்குச் சரிவைச் சுட்டதும் காற்று மேலே ஏறத் தொடங்கும். அப்போது என் பிடரியில் சில்லென்று படும். என் வாடை நேராகக் காட்டுக்குள் போகும். எட்டு, எட்டரை மணிக்கு இது திரும்பிவிடுகிறது என்று என் நோட்டுப் புத்தகம் சொல்கிறது. அதற்குமேல் உட்காருவதால் பயன் இல்லை. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி நிழல் விழுந்த பிறகு காற்று மறுபடி கீழே திரும்பும். நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்து அந்தத் திருப்பத்துக்குக் காத்திருக்கலாம். உங்கள் மலை கிழக்கே இருந்தால் கணக்கு மாறும். காலை வெயில் சரிவின் மேல் விழத் தாமதமாகும், உங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வந்துவிட்டால் இந்த ஒழுங்கெல்லாம் அடிபட்டுப் போகும். நாள் முழுக்க ஒரே திசை என்பது எங்கள் கொல்லைக்கு வசதிதான். ஆனால் இலைச் சத்தத்தில் எதுவும் காதில் விழாததால் அந்த மாதங்களில் மான் வெட்டவெளிக்கு வரத் தயங்குகிறது.

வாடை

காற்றை அறிந்த பிறகும் ஒருநாள் ஏமாந்தேன். பீரோவிலிருந்து எடுத்த சட்டையில் அந்துருண்டை நாற்றம். வீட்டில் எங்களுக்கு மூக்கில் ஏறாத வாடை அது; பட்டுப் புழங்குகிற வீட்டில் பழகிவிட்டது. அதிலிருந்து காட்டுக்கென்று ஒரு சட்டை, ஒரு லுங்கி தனியாக வைத்து, வெறும் தண்ணீரில் அலசி, வேப்பிலைமேல் போட்டு உலர்த்துகிறேன். தலைக்கு எண்ணெய், வாசனை சோப்பு, பீடி, கற்பூரம் எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

அமெரிக்காவில் யாகி என்ற பழங்குடியில் கடைசியாக மிஞ்சியவர் இஷி. 1911இல் கலிபோர்னியாவின் ஒரோவில் ஊரில் தனியாக வந்து நின்றார். சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில்வித்தை கற்று, பிற்பாடு எழுதி வைத்தார். மான் தேடிப் போவதற்கு முந்தின நாள் இஷி மீன் சாப்பிட மாட்டார், புகைக்க மாட்டார். விடியலில் ஓடையில் குளித்து, மணமுள்ள இலையை உடம்பில் தேய்த்துக்கொள்வார். கருவாட்டுக் குழம்பு என் பலவீனம். காட்டுக்குப் போகிற முந்தின இரவு இப்போது ரசத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

வெள்ளை வேட்டி வேண்டாம்

மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது. நீலமும், நம் கண்ணுக்குத் தட்டாத புற ஊதாவும் தெரியும். வெளுப்புக் கூட்டுகிற சோப்புத்தூளில் துவைத்த துணி அந்தப் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுகிறது. விடியல் மங்கலில் அது மானுக்கு விளக்கு மாதிரி. பளீரென்ற வேட்டி கட்டி உட்கார்ந்தவரை எங்கிருந்தும் அது பார்த்துவிடும். காவி, மண்நிறம், பழைய பச்சை போதும். இதற்காகக் காசு கொடுத்துப் புள்ளி போட்ட காட்டுச் சட்டை வாங்க வேண்டியதில்லை. நிறத்தைவிட அசைவுதான் காட்டிக்கொடுக்கும். தலைக்குப் பின்னால் வானம் தெரிகிற மாதிரி வரப்பு மேட்டில் உட்காராதீர்கள். முதுகுக்கு ஒரு மரம், முன்னால் கொஞ்சம் நிழல், கீழே மடித்த கோணி.

அம்புக்கு முன்னால் போகும் ஒலி

டெக்சாஸ் வில்லாளிகள் நம் புள்ளிமானைப் பற்றிச் சொல்கிற குறை ஒன்று உண்டு: நாண் ஒலி கேட்டதுமே இடத்தை விட்டு நழுவிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். நல்ல வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு நொடிக்கு 80, 90 மீட்டர். முப்பது மீட்டரில் நிற்கிற மானுக்கு நாணின் ஓசை நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எட்டிவிடும்; அம்பு வர அதற்குமேல் கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடியில் மான் துள்ளுவதற்காகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்துகிறது. அம்பு முதுகுக்கு மேலே போய்விடும்.

இதைப் படித்த பிறகுதான் என் பையின் ஒட்டுப்பட்டையை அறுத்து எறிந்து, அங்கே நாடாத்துண்டு தைத்தேன். பிய்க்கிற அந்தச் சர்ரென்ற சத்தத்தில் ஒரு சித்திரை மாலை பதினோரு மான் என் கண்முன்னே காட்டுக்குள் போனது. செல்போனை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைத்தாலும் மரவேரில் பட்டால் கேட்கும். தண்ணீர் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பினால் குலுங்கும், விளிம்பு வரை நிரப்புங்கள். படம் எடுக்கிறவர்கள் முதல் சொடுக்கை மான் தலை குனிந்து மேயும்போது எடுக்கட்டும். நிமிர்ந்து காதைத் திருப்பி நிற்கும்போது எடுத்தால் அந்த ஒரு படத்தோடு முடிந்துபோகும்.

அசைய வேண்டுமானால் எப்போது? தலை குனிந்திருக்கும்போது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் சந்தேகம் வந்த மான் மேய்வது போலத் தலையைத் தாழ்த்தி, வாய் புல்லில் படுமுன் சட்டென்று நிமிரும். நான் பலமுறை இதில் அகப்பட்டேன். வாய் அரைக்கிறதா, வால் சாதாரணமாக ஆடுகிறதா என்று பார்த்து, இரண்டும் சரி என்றால் மட்டும் கையை நகர்த்துங்கள். வால் விறைத்து நிமிர்ந்து அடிவெள்ளை தெரிந்தால், முன்காலால் தரையைத் தட்டினால், கூர்மையாக ஒரு சீழ்க்கைக் குரல் கொடுத்தால், நீங்கள் அங்கே இருப்பது தெரிந்துவிட்டது. இன்னும் கிட்டே போகப் பார்க்காதீர்கள். கண்ணைத் தாழ்த்தி அப்படியே இருங்கள்.

ஓடிப்போன பிறகும் எழுந்துவிடாதீர்கள். அம்பு தைத்த மானை உடனே துரத்தாமல் அரை மணிநேரமாவது உட்கார்ந்திருப்பது வில்லாளிகளின் வழக்கம். துரத்தினால் வெகுதூரம் போய்விடும் என்பது அவர்கள் காரணம். நமக்குக் காரணம் வேறு. கூட்டம் ஒரேயடியாகப் போவதில்லை. புதருக்குள் நின்று பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்க்கும். அந்தப் பதினோரு மானில் ஆறு இருபத்தைந்து நிமிடத்தில் திரும்பி வந்தன. அன்று நான் எரிச்சலில் எழுந்து போயிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

மானுக்கு முன்னே மற்றவர்கள் உங்களைப் பார்த்துவிடுவார்கள். ஆட்காட்டிக் குருவிக்கு அந்தப் பேர் சும்மா வைக்கவில்லை. கொல்லையில் நீங்கள் கால் வைத்ததும் அது ஊருக்கே சொல்லிவிடும். தவிட்டுக்குருவிக் கூட்டமும் மயிலும் அப்படித்தான். அவை அடங்க இருபது நிமிடமாவது வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு போய் உட்கார்ந்தால் அந்த இருபது நிமிடம்தான் உங்கள் காலை முழுவதும்.

தடமும் கொம்பும்

புள்ளிமான் குளம்புத் தடம் முன்பக்கம் கூராக, இரண்டு வேப்பிலைத் துண்டை அருகருகே வைத்தது போல இருக்கும். வெள்ளாட்டுத் தடம் சற்று மழுங்கி அகன்றிருக்கும். காட்டோரத்தில் இரண்டும் கலந்தே கிடப்பதால் முதல் மாதம் எல்லோரும் ஆட்டைத்தான் தொடர்வார்கள், நானும் தொடர்ந்தேன். ஆண் மானின் கொம்பு ஒவ்வொன்றிலும் பொதுவாக மூன்று கிளை. அது ஆண்டுதோறும் உதிர்ந்து, மயிரடர்ந்த தோல் போர்த்து மறுபடி முளைக்கும். வெளிமானுக்கு இருப்பது முறுக்குக் கொம்பு, அது உதிர்வதில்லை. இருபது வருடம் நான் நெய்த கரையில் உடம்பெல்லாம் புள்ளியும் தலையில் முறுக்குக் கொம்புமாக ஒரு மான் ஓடிக்கொண்டிருந்தது. டிசைன் போடுகிறவரிடம் சொல்லி இப்போது மூன்று கிளை வைத்திருக்கிறோம். ஜக்கார்டு அட்டை புதிதாகக் குத்த வேண்டியிருந்தது. ஆன செலவுக்கு வருத்தமில்லை.

சென்னையில் இருப்பவர்கள் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டருக்குள் புள்ளிமானும் வெளிமானும். கொம்பைப் பிரித்தறியக் கற்க நல்ல இடம். ஆனால் அங்குள்ள மான் மனித வாடைக்குப் பழகியவை. காற்றுப் பாடம் அங்கே நடக்காது.

குட்டி, நாய், கிணறு

மாசிக் கடைசியில் வரப்போரக் கோரைப்புல்லில் ஒரு குட்டி அசையாமல் படுத்திருந்தது. தாய் இல்லை. எனக்குப் பதறியது, தூக்கிக்கொண்டு வந்து பால் கொடுக்கலாம் என்று குனிந்தேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார். பிறந்த புதிதில் குட்டியை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போவது மானின் வழக்கம். தாய் திரும்பி வரும். நாம் பக்கத்தில் நிற்கிற வரை வராது. தொடாமல், தடம் பார்க்காமல், வந்த வழியே விலகிவிடுங்கள். காட்டோர ஊர்களில் ‘அனாதை’ என்று தூக்கி வரப்படும் குட்டிகளில் பலவற்றுக்கு அன்று காலை வரை தாய் இருந்திருக்கும்.

எங்கள் மாவட்டத்தில் இன்று மானுக்கு வில்லை விடப் பெரிய எமன் நாய். கோடையில் காட்டுக்குட்டை வற்றியதும் மான் தண்ணீர் தேடிக் கழனிக்கும் சாலைக்கும் இறங்குகிறது. திருவண்ணாமலை மலையைச் சுற்றியும் இதே கதைதான். தெருநாய்க் கூட்டம் துரத்துகிறது, வண்டியில் அடிபடுகிறது, கட்டாத தரைக்கிணற்றில் விழுகிறது. ஒருநாள் எங்கள் தெரு நாய் பஸ் நிறுத்தம் வரை என்னோடு வந்தது. அதற்கு ரொட்டி போட்டு ஏமாற்றி ஏறினேன். நாய் மேல் எனக்குக் கோபமில்லை. எடுத்தனூர் நடுகல்லில், இறந்த தலைவனுக்குக் காவலாக நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் இடம் கொடுத்த மண் இது. ஆனால் காட்டோரத்துக்கு நாயைக் கூட்டிப் போகாதீர்கள், பின்தொடர்ந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கிணற்றில் மான் விழுந்திருந்தால் வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் (101) சொல்லுங்கள். ஆள் இறங்கிக் கயிறு போட்டு இழுக்க வேண்டாம். காயம் ஒன்றும் இல்லாமல் மேலே வந்த மான் சில மணி நேரத்திலோ மறுநாளோ செத்துப்போவதுண்டு. பிடிபட்ட பயத்திலும் திமிறலிலும் அதன் தசை உள்ளுக்குள் சிதைந்துவிடுகிறது. ஆகவே கூட்டத்தை அப்புறப்படுத்துவதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. செல்போன் நீட்டுகிறவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வெளியே கொண்டுவந்ததும் கண்ணை ஒரு துண்டால் மூடச் சொல்லுங்கள், அடங்கும்.

வரப்பில் கம்பிக் கண்ணி கண்டாலும், பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடி கண்டாலும் கையால் தொடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள்.

எழுந்து போவது

இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரு வில்லாளி எழுதிய குறிப்பில் படித்தேன். மான் சுற்றி மேய்ந்துகொண்டிருக்கும்போது மரத்தடியிலிருந்து திடீரென ஓர் ஆள் முளைத்து எழுந்தால், அந்த மரத்தை அவை வருடக்கணக்கில் மறக்காது. அவர்கள் ஊரில் பண்ணைக்காரரின் டிராக்டரை வரச் சொல்லி, அது கிட்டே வந்ததும் ஏறிப் போய்விடுவார்களாம். தினமும் பார்க்கிற டிராக்டருக்கு ஒதுங்கியதாகவே மான் நினைத்துக்கொள்ளும்.

எங்களுக்கு டிராக்டர் இல்லை. மாமாவிடம் மூன்று மாடு இருக்கிறது.

ஆனிக் கடைசியில் ஒரு மாலை, முப்பது மீட்டருக்கு உள்ளே, என் வேப்பமரத்துக்கும் பம்புசெட் வாய்க்காலுக்கும் நடுவில் நான்கு பெட்டையும் ஓர் ஆணும் மேய்ந்தன. பட்டு இழை என் முகத்தை நோக்கி நீண்டிருந்தது. ஆணின் கொம்பில் தோல் கிழிந்து தொங்கியது. பெட்டை ஒன்று வாய்க்காலில் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இருட்டத் தொடங்கியும் அவை போகவில்லை, நானும் எழ முடியவில்லை. கிழக்குப் பக்கமிருந்து மாட்டின் கழுத்து மணி கேட்டது. மாமா எப்போதும் போல இருமிக்கொண்டு, மாட்டை “ஹோ, ஹோ” என்று அதட்டிக்கொண்டு வந்தார். மான்கள் நிமிர்ந்து பார்த்தன. வால் தூக்கவில்லை. பத்திருபது அடி தள்ளி, புதரோரம் போய் மறுபடி குனிந்தன. மாடுகள் என் மரத்தைக் கடந்தபோது நான் குனிந்தபடி எழுந்து, செவலைப் பசுவின் மறுபக்கம் சேர்ந்துகொண்டு, அதன் முதுகில் கை வைத்தபடி கொட்டகை வரை நடந்தேன்.